மரியாதைக்குப் போட்ட பூஜ்யம்

கம்பெனியின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நிவேதா போன் செய்தாள். கேட்டதோடு ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் டீசன்டா எழுதிக் குடுங்க. மலர் கஸ்டமர் கைக்கெல்லாம் போகுது. கக்கூஸ்ங்கற வார்த்தை மட்டும் வேண்டாமுங்க."

நிவேதா மணச் சோதனைப் பிரிவின் பொறுப்பாளர். ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். நல்ல பெண், நல்ல மூக்கு. ஆனால் இந்த நிபந்தனையை ஏற்பதற்கில்லை. நான் உத்தியோக காலம் முழுக்கச் செய்தது கக்கூஸ் நாற்றத்தை முகர்கிற வேலை. ஒரு வாசனையை அதன்மேல் விட்டால் நாற்றம் எவ்வளவு மறைகிறது என்று எண்ணில் சொல்கிற வேலை. வேறு எந்தச் சொல்லைப் போட்டு மூடினாலும் அடியில் இருப்பது இதுதான்.

மூடப் பார்த்தவர்கள் வீட்டிலேயே உண்டு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா "சென்ட்டு கம்பெனிங்க" என்றார். தம்பி அவன் சம்பந்தி வீட்டில் "கெமிஸ்ட்" என்றான். சோமனூரில் தறிச் சாமான் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் மட்டும் யார் கேட்டாலும், "எங்கூட்டு அம்மணி கக்கூசு மோந்து பாக்கறாங்க, அதுக்கு மாசமானா சம்பளம் வருது" என்று சொல்லிவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். எனக்கும்தான்.

கோயமுத்தூரில் வேதியியல் பட்டம் வாங்கிக்கொண்டு, பெரியநாயக்கன்பாளையம் தாண்டியிருந்த இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். தரை கழுவும் திரவம், பாச்சை உருண்டை, கழிப்பறையில் மாட்டும் வாசனை டப்பா ஆகியவை இங்கே தயாராயின. முதலில் பாட்டில் கழுவினேன். பிறகு எடை போட்டேன். பிறகு வாசனைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்க்கப் பழகினேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

சோதனை அறையில் ஆறு சிற்றறைகள் இருந்தன. உட்புறம் எவர்சில்வர் தகடு அடித்தவை. ஒவ்வொன்றும் ஒரு கழிப்பறை அளவு. மூக்கு உயரத்தில் ஒரு சின்னத் தள்ளு ஜன்னல். உள்ளே தட்டில், நாங்களே தயாரித்த நாற்றம். உண்மையான கக்கூஸ் நாளைக்கு ஒரு மாதிரி நாறும். அதை வைத்து இரண்டு வாசனைகளை ஒப்பிட முடியாது. எனவே மூத்திர வாடைக்கு அமோனியா, கெட்டுப்போன நெய் வாடைக்கு ஓர் அமிலம், மல வாடைக்கு இண்டோல் என்ற பொருள், அழுகிய முட்டை வாடைக்குக் கந்தகம் சேர்ந்த ஒன்று என்று சொட்டுக் கணக்கில் கலந்து, எப்போதும் ஒரே மாதிரி நாறும் ஒரு கலவை வைத்திருந்தோம். பிரிவில் அதற்குப் பெயர் குழம்பு. "இன்னிக்குக் கொழம்பு கொஞ்சம் தூக்கலுங்கக்கா" என்பது எங்கள் அறையில் தொழில்நுட்பப் பேச்சு.

முகர்ந்து மதிப்பெண் போடுகிறவர்கள் சுற்றுவட்டாரப் பெண்கள். துணி தைப்பவர், பால் சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருபவர்கள். பலரை முகர வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மூக்குகள். வேலை நாளில் பவுடர் கூடாது, காபி கூடாது, சளி பிடித்தால் வரக்கூடாது, தலையில் பூ கூடாது. இந்தக் கடைசி விதிதான் பெரும்பாடு. பூ இல்லாமல் கிளம்பினால் வீட்டில் கேள்வி வரும். எனவே வைத்துக்கொண்டு வந்து, வாட்ச்மேன் மேசையில் இருந்த மூடி போட்ட டப்பாவில் கழற்றி வைப்பார்கள். சாயங்காலம் எது யாருடைய சரம் என்று தினமும் ஒரு வழக்கு நடக்கும்.

ஜன்னலைத் தள்ளி, இயல்பாக மூன்று மூச்சு இழுத்து, மூடிவிட்டு இரண்டு எண்கள் எழுத வேண்டும். நாற்றத்துக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று. பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை, பத்து என்றால் நிற்க முடியாது. இரண்டு எண்களும் தனித்தனி. வாசனை எட்டு இருக்கும்போதே நாற்றமும் எட்டு இருக்கலாம். எங்கள் தொழில் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. எழுதியபின் தன் முழங்கை மடிப்பை முகர்ந்து மூக்கைச் சமன்செய்துகொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போக வேண்டும். ஒருவர் முகம் சுளிப்பது மற்றவருக்குத் தெரியாதபடி நடுவில் திரை.

ஒருமுறை விற்பனைப் பிரிவு மல்லிகை வாசனைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. இயற்கை மல்லிகையிலேயே ஒரு துளி இண்டோல் உண்டு. குழம்பில் நாங்கள் விடும் அதே பொருள். அசல் பூவைப் போலவே தயாரித்த மல்லிகையை விட்டதும் நாற்றத்தின் மதிப்பெண் குறையாமல் ஏறியது. எங்கள் குழுவில் வாய்த்துடுக்கான ருக்குமணி வெளியே வந்து சொன்னாள்: "பூக்கடைக்குள்ள கக்கூசு கட்டுன மாதிரி இருக்குதுங்கக்கா. பூவும் கெட்டுது, கக்கூசும் கெட்டுது." விற்பனை மேலாளர் நம்பவில்லை. அவரிடம் எங்கள் பிரிவுத் தலைவர் கதிர்வேல் சார், "யோசிக்கலாமுங்க" என்றார். அதோடு மல்லிகை முடிந்தது.

கதிர்வேல் சார் "யோசிக்கலாமுங்க" என்றால் இல்லை என்று அர்த்தம். ஊர் கோபிப் பக்கம், நெல்லும் மஞ்சளும் விளைவிக்கும் குடும்பம். வாசனைத் தொழிலை வடக்கே போய்ப் படித்துவிட்டு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கீழே வேலை செய்யும் எல்லோரையும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். வாசனை தொட்ட காகிதப் பட்டையைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முகர்வார். கண்ணை மூடி முகர்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது, "ஏனுங்க, மூக்குக்குக் கண்ணு என்ன தொந்தரவு பண்ணுதுங்க?" என்று கேட்பார். வெளியாட்கள் எதிரில் நாற்றம் என்ற சொல்லை உச்சரிக்கவே மாட்டார். "அந்த விஷயம்" என்பார். "அந்த விஷயத்த அடிச்சு வெரட்ட முடியாதுங்க. அதுக்குப் பக்கத்துல ஒக்கார எடம் குடுக்கோணும்." அவர் தயாரித்த வாசனைகள் அப்படித்தான் வேலை செய்தன. நாற்றத்தையும் தங்களில் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டு, இது ஏதோ காட்டுப்புல் வாடை என்று மூக்கை நம்ப வைத்தன.

அப்படி அவர் செய்ததில் சிறந்தது 317 என்ற எண் கொடுத்த ஒரு வாசனை. எலுமிச்சையும் எலுமிச்சைப் புல்லும் கொஞ்சம் கற்பூரமும். குழம்பின் எட்டை இரண்டுக்கு இறக்கியது. அதற்கு முன் எதுவும் அவ்வளவு இறக்கியதில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். 317 பொய்யான சரக்கு அல்ல.

அதற்கு முதல் பெரிய வாடிக்கையாளராக வர இருந்தது பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலை. அங்கே பெண்கள் விடுதி உண்டு. நூல் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் விடுதியைப் பார்க்க வருகிறார்கள், கழிப்பறைகள் மணக்க வேண்டும் என்றார்கள். விடுதி முழுவதும் 317 டப்பாக்களை மாட்டினோம். சில நாள் கழித்து, வேலை செய்கிறதா என்று நேரில் முகர்ந்து மதிப்பெண் போட எங்கள் பெண்களை வேனில் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆலை முதலாளியம்மா வாசலுக்கே வந்துவிட்டார். விடுதியை மேற்பார்வை பார்ப்பவர் அவர்தான். விடுதியை ஒட்டியே அவர்கள் வீடு. "ஏனுங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல சாப்புடுங்க, வேல எங்க போகுது" என்று உட்கார வைத்தார். தேங்காய்ப்பால் விட்ட சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம். ஒப்பிட்டு என்கிற பருப்புப் போளி. கடைசியில் மோர். உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் தானே நின்று பரிமாறினார். வேலை முடியட்டும் என்று நான் தட்டிக் கழித்தேன். மதிப்பெண் போடுபவள் நான் இல்லையென்பதால் என்னை அவர் அதிகம் வற்புறுத்தவில்லை.

பிறகு ஒவ்வொருத்தியாகக் கழிப்பறைக்குள் போய், கதவைச் சாத்தி, முகர்ந்து, எண் எழுதி என்னிடம் தந்தார்கள். வராந்தாவில் நின்ற முதலாளியம்மா ஒவ்வொருத்தியையும், "எப்புடீங்க இருக்குது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தானுங்க இருக்குது" என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள்.

இது நடந்துகொண்டிருக்கும்போது நான் பின்பக்கம் துவைக்கிற கல்லருகே போனேன். ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். செல்வி என்று பெயர் சொன்னாள். வால்பாறைத் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வந்தவள்.

"நீங்கதான் சென்ட்டு மாட்டுனவங்களா?"

"ஆமா. எப்படி இருக்குது?"

அவள் வராந்தாப் பக்கம் பார்த்துவிட்டு, "நல்லாருக்குங்க" என்றாள்.

"அங்க கேக்காது. சொல்லு."

"மொதல்ல நாத்தம் மட்டும் இருந்துச்சு. இப்ப எலுமிச்சம்பழத்தோட இருக்கு." சிரித்தாள். "மெஸ்ஸுல எலுமிச்சஞ்சாதம் போட்டா ஒருத்தியும் தின்றதில்ல."

"அப்புறம் எப்படிப் போறீங்க?"

"போகாம இருக்கறதுதான். தண்ணி குடிச்சாத்தானே போகணும்? ஷிப்டுக்கு முன்னாடி ஒரு வாய், முடிஞ்சு ஒரு வாய். ரெண்டு பேரு நீர்க்கடுப்பு வந்து ஊருக்குப் போயிட்டாளுங்க. எங்களுக்குப் பழகிருச்சு."

ஒரு வசதியை விளக்குவதுபோல் அதைச் சொன்னாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் எலுமிச்சை. கொஞ்ச நேரத்தில் மூக்கு எலுமிச்சைக்குப் பழகிவிட, அடியிலிருந்து அழுகிய முட்டை எழுந்து வந்தது. கழுவாத கழிப்பறையின் நாற்றம் அல்ல அது. தரை பளிச்சென்றுதான் இருந்தது. தரைக்கடியில் குழாய் உடைந்து சாக்கடை வாயு மேலே வருகிறது என்பதன் நாற்றம். என் கணக்கில் ஏழு.

திரும்பும் வழியில் வேனில் எண்களைப் பார்த்தேன். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். குழம்பில் அரைச் சொட்டு கூடினால் கண்டுபிடிக்கிற மூக்குகள் எழுதியவை இவை. என் மூக்கு கெட்டுவிட்டதா என்றுகூட நினைத்தேன். அப்போது ஒரு எட்டு கண்ணில் பட்டது. ருக்குமணியின் எண்.

"ருக்கு, நீ மட்டும் எட்டு போட்டிருக்கற?"

"நாறுச்சுங்கக்கா, போட்டேன்."

"இவங்க யாருக்கும் நாறலயே?"

ருக்குமணி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. "எனக்கு இன்னைக்குக் கிருத்திகைங்கக்கா. வெரதம். அவங்கூட்டுல பச்சத்தண்ணி பல்லுல படல."

பால் சொசைட்டி அம்மா, எங்கள் குழுவிலேயே நிதானமானவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "அந்தம்மா நின்னு நின்னு பரிமாறுனாங்க. அவங்க கையால தின்னுபோட்டு, கை காயறதுக்குள்ள அவங்கூட்டுக் கக்கூசு நாறுதுன்னு எப்புடிங்க எழுதறது?"

"காகிதத்துலதானே எழுதறீங்க? அவங்க பாக்கறதில்லையே."

"அவங்க பாக்கலீங்க. எழுதறது நாந்தானுங்களே."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் இந்த ஊர்க்காரி. சாப்பிட்ட வீட்டைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசாத பழக்கத்தில்தான் நானும் வளர்ந்தேன். வேறு எந்த ஊர்க் குழுவாக இருந்தாலும் இந்தத் தவறைச் செய்திருக்காது. திட்டியிருக்கும், மூக்கைப் பொத்தியிருக்கும். எங்கள் பெண்கள் மரியாதைக்குப் பூஜ்யம் போட்டார்கள்.

ஊகத்தை வைத்துக்கொண்டு பேச முடியாது. வெளியே போகும்போதெல்லாம் கழிப்பறைக் காற்றைக் கைப்பம்பால் வாடை ஒட்டாத பைகளில் நிரப்பிக் கொண்டு வருவது எங்கள் வழக்கம். அந்தப் பைகள் வேனில் இருந்தன. மறுநாள் காலை விடுதிக் காற்றை ஒரு சிற்றறையில் விட்டு, என்ன என்று சொல்லாமல் எண் மட்டும் ஒட்டி, அதே பெண்களை முகரச் சொன்னேன். ஏழு, எட்டு, ஏழு, ஏழு. ஒருத்தி ஒன்பது போட்டிருந்தாள். அதே காற்று, அதே மூக்கு. நடுவில் இல்லாமல் போனது முதலாளியம்மாவின் சந்தகை மட்டும்.

கதிர்வேல் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். கையில் இருந்த காகிதப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரசுவதி, நம்ம ரூம்ல பண்ணுன டெஸ்ட்ல பொய் இல்லீங்களே?"

"இல்லீங்க சார்."

"317 எட்ட ரெண்டாக்குச்சு. அத மட்டும் எழுதிக் குடுப்பமுங்க. ஹாஸ்டல் கணக்க விட்டுரலாம்."

"அத பிரேம் போட்டு கக்கூஸ் வாசல்ல மாட்டுவாங்க சார். வர்ற பையருக அதப் படிச்சுட்டுப் போயிருவாங்க. கொழாய் அப்புடியே இருக்கும்."

"மாட்டட்டுமுங்க. அவங்க சொவரு."

"அந்தப் புள்ளைக தண்ணி குடிக்கறதில்லீங்க சார்."

பட்டையைக் கீழே வைத்தார். "யோசிக்கலாமுங்க" என்றார்.

"நீங்க யோசிங்க சார். நான் பல்லடம் போறேன்."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல்முறை. கதவு வரை போய்விட்டேன். பின்னால் அவர் குரல் வந்தது. "தனியாப் போகாதீங்க. நானும் வாரேன். ஆனா அங்க நான் காப்பி குடிப்பனுங்க. அவங்க மொகத்துக்கு எதுக்க மாட்டேன்னு சொல்ல எனக்கு வராதுங்க."

வீட்டுக் கூடத்தில் முதலாளியும் முதலாளியம்மாவும் எங்களை உட்கார வைத்தார்கள். காபி வந்தது. சார் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எடுத்துக்குங்கம்மா" என்றார் முதலாளியம்மா.

"வேண்டாமுங்க."

"சக்கரை இல்லாமக் கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

"அதுக்கில்லீங்கம்மா. குடிச்சா, சொல்ல வந்தத சொல்ல முடியாதுங்க."

அவர் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் வந்து அந்த வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டேன் என்பதற்கு எத்தனை கெட்ட அர்த்தங்கள் உண்டு என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "எங்கூட்டுல கை நனைக்கக்கூட ஆகாதுங்களா? நாங்க என்ன தப்பு பண்ணிப்போட்டோம்?" என்றார்.

"ஏழுங்க" என்றேன். "உங்க ஹாஸ்டல் கக்கூஸ் பத்துக்கு ஏழு நாறுதுங்க. எங்க சென்ட்டு மாட்டுனதுக்கு அப்புறம் ஏழு. தரைக்கடியில கொழாய் ஒடைஞ்சிருக்குது. எத்தன டப்பா மாட்டுனாலும் அது நிக்காது."

"அன்னைக்கு வந்தவங்க அத்தன பேரும் நல்லா இருக்குதுன்னாங்களே?"

"உங்க சந்தகையச் சாப்புட்டுப்போட்டுச் சொன்னாங்கம்மா."

முதலாளி சிரித்தார். கோபக்காரர் இல்லை, விஷயம் தெரிந்தவர். "அம்மணி, நாளைக்கே இன்னொரு கம்பெனிக்காரன் வந்து பூஜ்யம் போட்டுக் குடுத்துட்டுப் போவானுங்க."

"போடுவானுங்க. அவனுக்கும் சந்தகை போடுவீங்கல்ல."

சிரிப்பு நின்றது. அவர் கதிர்வேல் சார் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

சார் டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தார். "காப்பி ரொம்ப நல்லா இருக்குதுங்க. அந்த விஷயத்துல அம்மணி சொல்றதுதானுங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரியும்.

நான் முதலாளியம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "வீடு தேடி வந்த ஒறம்பரைய ஒண்ணும் குடுக்காம அனுப்ப உங்களுக்கு மனசு வராதுங்க. காப்பிக்குப் பதிலா நான் ஒண்ணு கேக்கறேன். ஒரே ஒருக்கா அதுக்குள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு, ஒரு சாமி பாட்டு பாடி முடிக்கற வரைக்கும் ஒக்காந்துட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதானுங்க. வராந்தாவுல நின்னுதான் பாத்திருக்கீங்க."

கேட்டவரை வெறும் கையோடு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. எழுந்து போனார். முதலாளி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்ன பாட்டுப் பாடினாரோ, முழுதாகப் பாடியிருக்க வேண்டும். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர் நேரே கை கழுவும் இடத்துக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து கணவரிடம் சொன்னார்:

"கொத்தனார வரச் சொல்லுங்க."

"வர்ற வாரம் பையருக வர்றாங்க. இப்பப் போயித் தரைய ஒடைச்சா..."

"அவிய வாசல்ல நின்னு பாத்துட்டுப் போறவிய. புள்ளைகதான் உள்ள ஒக்காருதுக. கொத்தனார வரச் சொல்லுங்க."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க இனி எங்கூட்டுக்கு வராதீங்கம்மா" என்றார். நான் செய்த அவமரியாதையை அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

தரையை உடைத்தார்கள். குழாய் நான் உட்கார்ந்து பார்த்த கழிப்பறைக்கு அடியில் அல்ல, அடுத்த கழிப்பறைக்கு அடியில் உடைந்திருந்தது. மாற்றினார்கள். மாற்றியபின் அங்கே நாற்றம் இல்லை. நாற்றம் இல்லாத இடத்தில் 317-க்கு வேலையும் இல்லை. ஆர்டர் போயிற்று. விற்பனைப் பிரிவில் என்னிடம் நெடுநாள் யாரும் பேசவில்லை. அடுத்து வந்த பதவி உயர்வு எனக்கு அடுத்தவருக்குப் போனது. கதிர்வேல் சார் அதைப் பற்றி மேலிடத்தில் பேசியதாகவும், மேலிடம் "யோசிக்கலாம்" என்றதாகவும் கேள்வி.

டப்பாக்களைக் கழற்றிக்கொண்டு வர நான்தான் போனேன். வீட்டுப் பக்கம் போகவில்லை. பின்பக்கமாக விடுதிக்குள் போனேன். செல்வி ஷிப்டு முடித்துப் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, குழாயடியில் செம்பை நிறையப் பிடித்து அண்ணாந்து குடித்தாள். முடித்துவிட்டு இன்னொரு செம்பு பிடித்தாள். நான் ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு எங்கள் குழுவுக்கு ஒரு விதி சேர்ந்தது. முகரப் போன இடத்தில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர், சோறு எல்லாம் இங்கிருந்தே எடுத்துப் போக வேண்டும். எங்கள் பெண்களுக்கு இதைவிடக் கேவலம் வேறில்லை. "தூக்குப்போசி எடுத்துட்டுப் போயி, அடுத்தவங்கூட்டு வாசல்ல ஒக்காந்து நம்ம சோத்தத் திங்கறது. மானம் போகுதுங்கக்கா" என்று ருக்குமணியே சண்டை போட்டாள். போகட்டும் என்றேன். சாகும்வரை என்னைப் பற்றி மரியாதை தெரியாதவள் என்று பேசிக்கொள்ளட்டும் என்றேன். பேசினார்கள். இன்னும் பேசுகிறார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

மறைப்பதுதானே உங்கள் பிழைப்பு என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், மறைப்பதுதான். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவசரத்துக்கு ஓடும் ஒரு பெண் அந்தக் கொஞ்ச நேரம் மூச்சை அடக்காமல் இருக்க முடிந்தால் அதில் எங்கள் வேலை இருக்கிறது. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. எதை மறைக்கலாம், எதை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வதும் அதே வேலையில் சேர்ந்ததுதான்.

நிவேதா போனில் இன்னொன்றும் சொன்னாள். இப்போது பிரிவில் சென்சார் மிஷின் வாங்கியிருக்கிறார்கள். முகரும் பெண்களை நிறுத்திவிட்டார்கள். கை நனைக்கக் கூடாது என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். மிஷினுக்குச் சோறா, தண்ணியா என்று. நல்ல மிஷின்தான், நான் குறை சொல்லவில்லை. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள்.

"எத்தன காட்டுச்சு?" என்று கேட்டேன்.

"ஆறரைங்கக்கா."

"என்ன எழுதிக் குடுத்த?"

"இன்னும் குடுக்கலீங்க." கொஞ்சம் தயங்கினாள். "அன்னைக்கு அங்க ஒரு கல்யாணமுங்க. ஓனரு விடவே இல்ல, பந்தியில ஒக்கார வெச்சு அவரே பாயசம் ஊத்துனாரு. எப்புடி எழுதறதுன்னு யோசிச்சுட்டிருக்கோமுங்க."

அவள் கேட்ட கட்டுரை இதோ. திருத்தாமல் போடுவதானால் போடட்டும். ஆண்டு விழாவுக்குக் கட்டாயம் வருகிறேன். புதுக் கட்டிடத்தில் விருந்தினருக்கென்று தனியாகக் கழிப்பறைகள் கட்டியிருக்கிறார்களாம். வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நிர்வாகம் ஆசைப்படுகிறதாம். சொல்கிறேன். நிவேதா, அன்றைக்குப் பந்தியில் எனக்கு இலை போட வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்லி வை.